குறும்வீடியோ எடிட்டிங்: அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிப்பது எப்படி?

போனில் எடிட் செய்த ரீல்ஸையும் ஷார்ட்ஸையும் காட்டி "இதுல என்ன கோளாறு, கொஞ்சம் பாருங்களேன்" என்று கேட்பவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே அறிகுறி வாரியாகத் தொகுத்திருக்கிறேன். உங்கள் வீடியோவில் தெரியும் அறிகுறி எந்தத் தலைப்பில் இருக்கிறதோ, நேராக அங்கே போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும். செலவு வைக்கும் காரணமும், வேறொருவரிடம் கொடுக்க வேண்டிய கட்டமும் கடைசியில் வரும். ஆப்புக்கு ஆப் பட்டன்களின் பெயர் மாறும், சோதனைகள் மாறாது.

## எதைத் தொடும் முன்பும்: பிழை எங்கே பிறந்தது?

வீடியோ நான்கு நிலைகளைத் தாண்டித்தான் பார்ப்பவர் கண்ணுக்குப் போகிறது: கேமரா பதிவு செய்த அசல் கிளிப், எடிட்டிங் ஆப்புக்குள் இருக்கும் ப்ராஜெக்ட், எக்ஸ்போர்ட் ஆகி கேலரியில் விழும் கோப்பு, தளத்தில் ஏறிய பதிவு. பின்னாலிருந்து முன்னால் வாருங்கள்.

தளத்தில் பிழை தெரிகிறது, கேலரியில் உள்ள கோப்பு சரியாக ஓடுகிறது என்றால், கோளாறு பதிவேற்றத்தில். கேலரியிலும் பிழை இருக்கிறது, ஆப்பின் பிரிவ்யூவில் இல்லை என்றால் எக்ஸ்போர்ட்டில். பிரிவ்யூவிலேயே இருந்தால் அசல் கிளிப்பைத் தனியாக ஓட்டிப் பாருங்கள். அதிலும் இருந்தால் எடிட்டிங்கை எத்தனை தடவை திருத்தினாலும் பயனில்லை.

இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. இதைச் செய்யாமல் முழு ப்ராஜெக்டையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குபவர்களைப் பார்க்கும்போது மனசு வலிக்கும். பெரும்பாலும் அவர்களுடைய எடிட்டிங்கில் ஒரு குறையும் இருக்காது.

## அறிகுறி: கேலரியில் பளிச்சென்று இருக்கிறது, தளத்தில் போட்டதும் மங்கிவிடுகிறது

கொஞ்சம் பொறுங்கள். யூடியூப் முதலில் குறைந்த தரத்தில் ஒரு பிரதியைத் தயாரித்துக் காட்டிவிட்டு, உயர்ந்த தரத்தைப் பின்னால்தான் சேர்க்கும். போட்ட உடனே பார்த்துப் பதறி அழித்துவிடாதீர்கள்.

இன்னொரு போனில் பாருங்கள். உங்கள் இணையம் மெதுவாக இருந்தாலோ, ஆப்பில் டேட்டா சேவர் போட்டிருந்தாலோ, உங்களுக்கு மட்டும் மங்கலாகத் தெரியும். நல்ல இணைப்பில் இருக்கும் ஒரு நண்பருக்குத் தெளிவாகத் தெரிந்தால் பிழையே இல்லை.

அமைப்பைப் பாருங்கள். இன்ஸ்டாகிராமின் செட்டிங்ஸில் மீடியா குவாலிட்டி என்ற பகுதியில், உயர்ந்த தரத்தில் பதிவேற்றும்படி சொல்லும் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. அது அணைந்திருந்தால் இணைய வேகத்தைப் பொறுத்து ஆப்பே தரத்தைக் குறைத்துவிடும்.

கோப்பு எந்த வழியாக வந்தது? ஒரு போனில் எடிட் செய்து, வாட்ஸ்அப்பில் இன்னொரு போனுக்கு அனுப்பி, அங்கிருந்து ஏற்றுவது நிறையப் பேருக்குப் பழக்கம். வாட்ஸ்அப் சாதாரணமாக அனுப்பும் வீடியோவைச் சுருக்கும், தளம் அதை மறுபடி சுருக்கும். அப்படி அனுப்பியே ஆக வேண்டும் என்றால் டாகுமெண்ட் என்ற வழியில் அனுப்புங்கள், கோப்பு அப்படியே போய்ச் சேரும்.

அளவு பொருந்துகிறதா? செங்குத்து வீடியோவுக்கு 1080×1920 போதும். 4கே-யில் எக்ஸ்போர்ட் செய்து ரீல்ஸில் ஏற்றினாலும் தளம் அதைச் சுருக்கித்தான் காட்டும். அந்தச் சுருக்கல் உங்கள் கையில் இல்லை, எக்ஸ்போர்ட் உங்கள் கையில் இருக்கிறது.

## அறிகுறி: எக்ஸ்போர்ட் ஆன கோப்பே மங்கல்

முதலில் எக்ஸ்போர்ட் திரையில் 720 என்று இருக்கிறதா பாருங்கள். எப்போதோ இடம் பற்றாமல் குறைத்து வைத்தது அப்படியே நின்றிருக்கும். அடுத்தது பிட்ரேட், அதாவது ஒரு நொடி வீடியோவுக்குச் செலவாகும் டேட்டாவின் அளவு. 1080 அளவில், நொடிக்கு 30 ஃபிரேமுக்கு (ஃபிரேம் என்பது வீடியோவின் ஒற்றைப் படம்) 8 மெகாபிட்டும் 60 ஃபிரேமுக்கு 12 மெகாபிட்டும் யூடியூப் பரிந்துரைக்கும் அளவுகள். தளம் எப்படியும் மறுபடி சுருக்கும் என்பதால், இதற்குச் சற்று மேலே வைப்பது என் வழக்கம். தண்ணீர், இலை, கூட்டம், பறக்கும் துகள்கள் போலத் திரை முழுக்க அசையும் காட்சிகளில் மட்டும் கட்டம் கட்டமாக உடைகிறது என்றால் பிட்ரேட் பற்றவில்லை.

இவை இரண்டும் சரி, ஆனாலும் மங்கல் என்றால் அசல் கிளிப்பைச் சந்தேகியுங்கள். படுக்கை வாக்கில் 1920×1080-இல் எடுத்த கிளிப்பைச் செங்குத்துச் சட்டத்துக்குள் நிரப்பினால், அதில் உண்மையாக மிஞ்சுவது சுமார் 607 பிக்சல் அகலம்தான். அதை 1080-க்கு இழுத்தால் மங்காமல் என்ன செய்யும்? போனை நிமிர்த்திப் பிடித்து எடுங்கள். முடியாதென்றால் 4கே-யில் எடுங்கள், வெட்டிய பிறகும் போதிய பிக்சல் மிஞ்சும். லென்ஸில் விரல் எண்ணெய் ஒட்டியிருப்பதும், இரண்டு விரலால் விரித்து ஜூம் செய்து எடுப்பதும் மற்ற இரண்டு காரணங்கள். துடைத்த பிறகும் படத்தின் ஒரு மூலை மட்டும் எப்போதும் மங்கலாகவே வந்தால், லென்ஸ் மேல் கண்ணாடி கீறியிருக்கலாம், அல்லது கீழே விழுந்ததில் கேமரா நகர்ந்திருக்கலாம். அது சர்வீஸ் சென்டர் வேலை.

## அறிகுறி: நிறம் வெளுக்கிறது, அல்லது முகமும் வானமும் எரிந்துபோய்த் தெரிகிறது

கேலரியில் அசல் கிளிப் அழகாக இருக்கிறது, ஆப்புக்குள் இழுத்ததும் சாம்பல் பூத்ததுபோல வெளுக்கிறது, அல்லது வெள்ளை இடமெல்லாம் வெடித்துவிடுகிறது. ஃபில்டர் மாற்றி மாற்றிப் போராடுவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: கிளிப் எச்.டி.ஆர் முறையில் (வெளிச்சமான இடத்தையும் இருண்ட இடத்தையும் சாதாரணத்தைவிட விரிவாகப் பதியும் முறை) எடுக்கப்பட்டதா? ஐபோன் 12 முதல் வந்த மாடல்களில் டால்பி விஷன் எச்.டி.ஆர் பதிவு உண்டு. உயர்விலை ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றிலும் எச்.டி.ஆர் வீடியோ உண்டு. எடிட்டிங் ஆப்போ தளமோ அதைச் சாதாரண நிறத்துக்குச் சரியாக மாற்றாதபோது இந்த வெளுப்பு வரும்.

இனி எடுக்கப்போகும் காட்சிகளுக்கு: ஐபோனில் செட்டிங்ஸ், கேமரா, ரெக்கார்டு வீடியோ என்று போய் எச்.டி.ஆர் வீடியோவை அணைத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டில் கேமரா ஆப்பின் வீடியோ அமைப்புகளுக்குள் இது இருக்கும். குறும்வீடியோ போடுபவர்கள் இதை அணைத்தே வைத்திருப்பது நல்லது என்பது என் திடமான கருத்து.

ஏற்கெனவே எடுத்ததற்கு: ஆப்பின் ப்ராஜெக்ட் அமைப்பிலோ எக்ஸ்போர்ட் திரையிலோ எச்.டி.ஆர் தேர்வு இருந்தால் அணைத்து ஒரு சிறு துண்டை எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள். சாதாரண கிளிப்பும் எச்.டி.ஆர் கிளிப்பும் ஒரே டைம்லைனில் கலந்திருந்தால் எச்.டி.ஆர் கிளிப்புகளை மட்டும் முதலில் தனியாக எக்ஸ்போர்ட் செய்து சாதாரணமாக்கிவிட்டு, பிறகு ப்ராஜெக்டில் சேருங்கள்.

எச்.டி.ஆர் இல்லாமலே ஒவ்வொரு வெட்டிலும் முகத்தின் நிறம் மாறுகிறதா? கேமராவின் ஆட்டோ வெண்சமநிலை (வெள்ளை வெள்ளையாகவே தெரிய நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) ஒவ்வொரு முறையும் வேறு முடிவு எடுத்திருக்கிறது. திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தையும் ஃபோகஸையும் பூட்டிவிட்டு எடுத்தால் வெளிச்சம் அலைவது நிற்கும். வெண்சமநிலையைப் பூட்ட கேமராவின் புரோ மோட் (அமைப்புகளைக் கையால் வைக்கும் முறை) அல்லது தனி கேமரா ஆப் வேண்டியிருக்கும்.

## அறிகுறி: உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்

இங்கேதான் எல்லோரும் அதிக நேரத்தைத் தொலைக்கிறார்கள். கேள்வி ஒன்றே ஒன்று: விலகல் தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஒரே அளவா, போகப் போக வளர்கிறதா?

### ஒரே அளவு விலகல்

புளூடூத் இயர்பட்ஸைக் கழற்றிவிட்டு போன் ஸ்பீக்கரில் கேளுங்கள். புளூடூத்தில் ஒலி தாமதமாகத்தான் வந்து சேரும். 0.2 நொடித் தாமதம் என்றால், 30 ஃபிரேம் வீடியோவில் அது 6 ஃபிரேம். கேலரியும் யூடியூப்பும் படத்தையும் அதே அளவு தாமதித்துக் காட்டிச் சமன் செய்துவிடும். பல எடிட்டிங் ஆப்கள் அதைச் செய்வதில்லை. ஆகவே சரியாக இருக்கும் குரலை நீங்கள் "திருத்தி" நிஜமாகவே விலக்கி வைக்கிறீர்கள்.

இசைத் தாளத்துக்கு வெட்டு வைக்கும்போதும் இதே வினைதான். பீட் கேட்கும் இடத்தில் பட்டனைத் தட்டித் தட்டிக் குறி வைக்கிறீர்கள், எல்லாக் குறியும் பீட்டுக்குப் பின்னால் போய் விழுகிறது. பிறகு ஸ்பீக்கரில் கேட்டால் எந்த வெட்டும் தாளத்தில் உட்காரவில்லை. தாளத்துக்கு வெட்டும்போது கம்பி இயர்போன் அல்லது போன் ஸ்பீக்கர் மட்டுமே பயன்படுத்துங்கள். ஆடியோ அலையின் படத்தை விரித்துப் பார்த்து, சட்டென்று உயரும் முகட்டின் இடது ஓரத்தில் வெட்டு விழும்படி வையுங்கள்.

ஸ்பீக்கரிலும் விலகல் அதே அளவில் இருந்தால், குரலைக் கிளிப்பிலிருந்து பிரித்து, "ப", "ம" போல உதடு மூடித் திறக்கும் எழுத்து வரும் இடத்தைப் பிடித்து ஒட்டுங்கள். அந்த ஒரு எழுத்து சரியாக உட்கார்ந்தால் மீதி தானாக உட்காரும்.

### போகப் போக வளரும் விலகல்

முதல் வாக்கியம் சரி, கடைசி வாக்கியம் வரும்போது குரல் முந்துகிறது அல்லது பிந்துகிறது. போன் கேமராக்கள் எல்லா நொடியிலும் ஒரே எண்ணிக்கையில் ஃபிரேம் எடுப்பதில்லை; வெளிச்சம் குறைந்தால் எண்ணிக்கையும் குறையும். திரைப் பதிவில் இது இன்னும் மோசம். எடிட்டிங் ஆப் அதைச் சீரான வேகம் என்று எடுத்துக்கொண்டால் விலகல் சேர்ந்துகொண்டே போகும்.

எளிய வழி, நீளக் கிளிப்பைச் சிறு துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஒட்டுவது. குறும்வீடியோவுக்கு இதுவே பெரும்பாலும் போதும். சுத்தமான வழி, எடிட் செய்யும் முன்பே கிளிப்பை நிலையான ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றுவது. கம்ப்யூட்டர் இருந்தால் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட் என்ற தேர்வு இதற்காகவே இருக்கிறது.

## அறிகுறி: ஹெட்போனில் குரல் கேட்கிறது, போன் ஸ்பீக்கரில் காணோம்

இசை நன்றாகக் கேட்கும். பேசியவர் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும், அல்லது அடியோடு மறைந்துவிடும். கேட்பவர்கள் உங்களைத் திட்டுவார்கள். நீங்கள் ஹெட்போனில் கேட்டுவிட்டு "எனக்குச் சரியாத்தானே இருக்கு" என்பீர்கள்.

போனின் அணுகல்தன்மை அமைப்பில் மோனோ ஆடியோ என்று ஒன்று இருக்கும், ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும். ஹெட்போன் போட்டபடியே அதை ஆன் செய்யுங்கள். குரல் மறைந்தால் காரணம் உறுதி: இடது சேனலும் வலது சேனலும் ஒன்றுக்கொன்று தலைகீழாகப் பதிவாகியிருக்கின்றன, இரண்டும் கலக்கும்போது ஒன்றை ஒன்று அழித்துவிடுகின்றன. மேடை மிக்சரிலிருந்து பொருந்தாத கேபிளில் ஒலியை எடுத்தால் இது நடக்கும். இரண்டு சேனலில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கினால் குரல் திரும்பிவிடும். போன் ஆப்பில் சேனல் தேர்வு இல்லையென்றால் கம்ப்யூட்டரில் ஆடசிட்டி என்ற இலவச மென்பொருளில் ஸ்டீரியோ டிராக்கைப் பிரித்து ஒன்றை அழிக்கலாம்.

ஒரு காதில் மட்டும் கேட்கிறது என்றால் காரணம் வேறு. மைக் ஒரே சேனலில் பதிவு செய்திருக்கிறது. அந்தச் சேனலை மோனோவாக்கினால் இரண்டு காதிலும் வரும்.

மோனோ சோதனையில் ஒன்றும் மாறவில்லை, ஆனால் இசை குரலை அமுக்குகிறது என்றால், குரலை ஏற்றாதீர்கள், இசையை இறக்குங்கள். பேச்சு இருக்கும் இடத்தில் இசையின் அளவை 10 முதல் 20 சதவீதத்துக்குக் கொண்டுவந்து, போனை மேசையில் வைத்து இரண்டடி தள்ளி நின்று கேளுங்கள். ஒவ்வொரு சொல்லும் புரிய வேண்டும்.

அசல் கிளிப்பிலேயே குரல் அடைத்ததுபோல இருந்தால், மூன்று பதிவு செய்து பாருங்கள்: வாய்ஸ் ரெக்கார்டரில் ஒன்று, பின் கேமரா வீடியோ ஒன்று, செல்ஃபி வீடியோ ஒன்று. போனில் ஒன்றுக்கு மேற்பட்ட மைக் இருப்பதால் இவற்றில் வெவ்வேறு மைக் வேலை செய்யும். ஒன்றில் மட்டும் அடைப்பு என்றால் கவரோ ஸ்கிரீன்கார்டோ அந்தத் துளையை மூடியிருக்கிறதா பாருங்கள். உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் துளையின் மேல் தட்டுங்கள். ஊசி வைத்துக் குத்தவே குத்தாதீர்கள், உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்துவிடும். மூன்றிலும் அடைப்பு, அதுவும் தண்ணீர் பட்ட பிறகு என்றால், டெக்னீஷியனிடம் கொடுங்கள்.

## அறிகுறி: தமிழ் எழுத்து உடைகிறது

தமிழில் குறும்வீடியோ செய்பவர்களுக்கே உரிய தலைவலி இது. மற்ற எல்லாம் சரியாக இருந்தும் ஒரு சொல் உடைந்து தெரிந்தால் வீடியோவின் மரியாதையே போய்விடும். அவசரத்தில் "பரவாயில்லை, புரியுதே" என்று விட்டுவிடாதீர்கள்.

### எழுத்துக்குப் பதில் புள்ளி வட்டமோ கட்டமோ வருகிறது

கட்டம் வந்தால் அந்த ஃபாண்டில் தமிழே இல்லை. வேறு ஃபாண்ட் தேர்ந்தெடுங்கள். "கொ" என்பதில் கொம்பு தனியாகவும் கால் தனியாகவும், நடுவே புள்ளி வட்டத்தோடு நின்றால், ஆப்புக்குத் தமிழ் எழுத்தைச் சேர்த்து வரையத் தெரியவில்லை. ஃபாண்டை மாற்றினாலும் தீராது. ஆப்பை அப்டேட் செய்து பாருங்கள். தீரவில்லையா? எழுத்தை வேறொரு ஆப்பில், பின்னணி இல்லாத பி.என்.ஜி படமாகச் செய்து, வீடியோவின் மேல் ஓவர்லேயாக வையுங்கள். படம் எந்த ஆப்பிலும் உடையாது.

### ஃபாண்டை மாற்றினாலும் எழுத்து மாறவே இல்லை

பாமினி போன்ற பழைய ஃபாண்டுகள் யூனிகோடு (இன்றைய போன்களும் ஆப்களும் பயன்படுத்தும் பொது எழுத்து முறை) முறையில் ஆனவை அல்ல. அவற்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு போன் கீபோர்டில் தட்டச்சு செய்தால், ஆப் தன் சொந்தத் தமிழ் ஃபாண்டுக்கே திரும்பிவிடும். யாராவது அனுப்பிய வாசகத்தை ஒட்டியதும் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த கோர்வையாக வந்தால் அதே கதை மறுபக்கம்: அந்த வாசகம் பழைய முறையில் அடிக்கப்பட்டது. யூனிகோடு மாற்றியில் போட்டு எடுத்து ஒட்டுங்கள்.

நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கட்டமரன், ஹிந்த் மதுரை, பாலூ தம்பி 2, மீரா இனிமை, கவிவனார் ஆகியவை கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கும் யூனிகோடு ஃபாண்டுகள். தலைப்புக்குத் தடித்த பாலூ தம்பியும், நீண்ட வரிக்கு முக்தா மலரும் எனக்குப் பிடித்த சேர்க்கை. தரவிறக்கிய தொகுப்பில் ஸ்டாட்டிக் என்று தனி ஃபோல்டர் இருந்தால், அதிலுள்ள தடித்த வகைக் கோப்பை எடுங்கள். வெளியே இருக்கும் வேரியபிள் கோப்பைச் சில ஆப்கள் மெல்லிய எழுத்தாகவே காட்டும்.

### அனிமேஷன் போட்டதும் உடைகிறது

டைப்ரைட்டர் பாணி அனிமேஷன் ஒவ்வொரு குறியாகக் காட்டும். "கி" என்பது முதலில் "க"வாக வந்து, பிறகு விசிறி வந்து ஒட்டும். "கொ" வரும்போது நிலைமை இன்னும் பரிதாபம். எழுத்து வாரியான அனிமேஷனை விட்டுவிட்டு, சொல் வாரியாக அல்லது வரி வாரியாக வரும் அனிமேஷனைத் தேர்ந்தெடுங்கள். எழுத்து இடைவெளியைக் கூட்டினாலும் சில ஆப்களில் இதேபோலப் பிரியும். அதைப் பூஜ்ஜியத்தில் வையுங்கள்.

### எழுத்தின் தலையோ காலோ வெட்டுப்படுகிறது

"கூ", "ணு", "ஞூ" போன்றவற்றின் கீழ்ப்பகுதியையும், "கீ"யின் மேல் சுழியையும் கவனியுங்கள். வரி இடைவெளியைக் கூட்டுங்கள், அல்லது கடைசியில் ஒரு வெற்று வரி சேருங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் ஆப் தன் இஷ்டத்துக்குச் சொல்லின் நடுவே வரியை முறிக்கும். வரி எங்கே முறிய வேண்டும் என்பதை நீங்களே என்டர் தட்டி முடிவு செய்யுங்கள்.

## அறிகுறி: எழுத்தின் மேல் பட்டன்கள் உட்காருகின்றன

தளத்தின் லைக், கமெண்ட், ஷேர் பட்டன்கள் வலது ஓரத்திலும், பெயரும் கேப்ஷனும் கீழேயும் வரும். கீழ்ப்பகுதியில் ஏறக்குறைய கால்பங்கையும் வலது ஓரத்தையும் காலியாக விடுங்கள். முகப்புப் படத்தில் எழுத்து வெட்டுப்பட்டால், அந்த எழுத்தை நடுவில் கொண்டுவாருங்கள். இன்ஸ்டாகிராம் ப்ரொஃபைல் கட்டம் முன்பு சதுரமாக இருந்து 2025-இல் உயரமான செவ்வகமானது. நடுவில் வைத்த எழுத்து இரண்டிலும் தப்பிக்கும்.

## அறிகுறி: படம் துள்ளுகிறது, பட்டை பட்டையாக மினுக்குகிறது

பிரிவ்யூவில் மட்டும் துள்ளல்: போன் திணறுகிறது, அவ்வளவுதான். ஒரு துண்டை எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள். அது வழுக்கிக்கொண்டு ஓடினால் கவலை வேண்டாம்.

எக்ஸ்போர்ட்டிலும் துள்ளல்: கிளிப்பின் ஃபிரேம் ரேட்டும் ப்ராஜெக்டின் ஃபிரேம் ரேட்டும் பொருந்தவில்லை. 25-இல் எடுத்ததை 30-இல் வைத்தால் நொடிக்கு 5 ஃபிரேமை ஆப் இரட்டிப்பாக்க வேண்டியிருக்கும். கேமரா மெல்ல நகரும் காட்சியில் இது கண்ணில் படும். பெரும்பாலான கிளிப்புகள் எந்த ரேட்டோ அதிலேயே எக்ஸ்போர்ட் செய்யுங்கள். ஸ்லோமோஷனில் மட்டும் துள்ளினால், 30-இல் எடுத்ததைப் பாதி வேகமாக்கியிருப்பீர்கள். 60-இல் எடுத்தால் 30 ஃபிரேம் ப்ராஜெக்டில் பாதி வேகத்துக்கு ஃபிரேம் சரியாகப் போதும்.

விளக்கு வெளிச்சத்தில் கரும்பட்டை ஓடுகிறது: மின்சாரத்தின் அதிர்வெண்ணுக்கும் ஷட்டருக்கும் (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கேமரா வெளிச்சம் வாங்கும் நேரம்) பொருந்தவில்லை. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அங்கே புரோ மோடில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 வையுங்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் 60 ஹெர்ட்ஸ். 1/60 அல்லது 1/120. மலிவான எல்.இ.டி விளக்கோ மங்கலாக்கும் டிம்மரோ காரணமாக இருந்தால் ஷட்டர் மாற்றியும் போகாது, விளக்கைத்தான் மாற்ற வேண்டும். எடுத்து முடித்த வீடியோவில் பட்டையை நீக்குவது போன் ஆப்பில் ஏறக்குறைய நடக்காத காரியம். மறுபடி எடுக்கவே முடியாத காட்சி என்றால் கம்ப்யூட்டரில் டீஃப்ளிக்கர் கருவி வைத்திருக்கும் எடிட்டரிடம் கொடுங்கள்.

## அறிகுறி: எக்ஸ்போர்ட் பாதியில் நிற்கிறது, ஆப் தானாக மூடிக்கொள்கிறது

முதல் எச்சரிக்கை: ஆப்பை அன்இன்ஸ்டால் செய்யாதீர்கள். போனின் ஆப் அமைப்பில் "கிளியர் டேட்டா"வையும் தொடாதீர்கள். இரண்டுமே உங்கள் டிராஃப்டுகள் அனைத்தையும் அழித்துவிடும். "கிளியர் கேச்" வேறு. அது தற்காலிகக் கோப்புகளை மட்டும் நீக்கும்.

அடுத்து இந்த வரிசையில் போங்கள்.

போனில் எவ்வளவு இடம் இருக்கிறது? நொடிக்கு 12 மெகாபிட்டில் ஒரு நிமிட வீடியோ சுமார் 90 எம்.பி. ஆனால் எக்ஸ்போர்ட் நடக்கும்போது ஆப்புக்குத் தற்காலிக இடமும் வேண்டும். சில ஜி.பி. காலியாக இருந்தால் நிம்மதி.

போன் சுடுகிறதா? சார்ஜில் போட்டபடி, தடித்த கவரோடு எக்ஸ்போர்ட் செய்தால் போன் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். கவரைக் கழற்றி, சார்ஜரை எடுத்து, ஆறவிட்டுத் தொடருங்கள். எக்ஸ்போர்ட் முடியும் வரை திரை அணையக் கூடாது, வேறு ஆப்புக்கும் போகாதீர்கள். பின்னணியில் இருக்கும் ஆப்பை ஆண்ட்ராய்டு போன்கள் தயங்காமல் மூடிவிடும்.

ஒவ்வொரு முறையும் ஒரே சதவீதத்தில் நிற்கிறதா? இதுதான் மிகப் பயனுள்ள தடயம். அந்த இடத்தில் இருக்கும் ஒரு கிளிப்போ எஃபெக்டோதான் குற்றவாளி. ப்ராஜெக்டை நகல் எடுங்கள். நகலில் பின்பாதியை அழித்து எக்ஸ்போர்ட் செய்யுங்கள். எக்ஸ்போர்ட் முழுதாக முடிந்தால் குற்றவாளி பின்பாதியில், நின்றால் முன்பாதியில். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். சீக்கிரமே ஒற்றைக் கிளிப்பில் வந்து நிற்பீர்கள். அதன் எஃபெக்டை நீக்கிப் பாருங்கள். அப்படியும் நின்றால் அந்தக் கிளிப்பை மட்டும் கேலரியின் எடிட்டரில் லேசாக வெட்டிப் புதுக் கோப்பாகச் சேமித்து மாற்றி வையுங்கள். கிளிப் எச்.இ.வி.சி (வீடியோவை அதிகம் சுருக்கும் புதிய முறை) வகையாக இருந்து ஆப் பழையதாக இருந்தாலும் இந்தச் சிக்கல் வரும். ஐபோனில் கேமரா ஃபார்மட்ஸில் "மோஸ்ட் கம்பாட்டிபிள்" தேர்ந்தெடுத்தால் இனி வருவது பெரும்பாலான ஆப்கள் படிக்கும் பழைய எச்.264 வகையாக இருக்கும்.

ஒவ்வொரு முறையும் வேறு வேறு சதவீதத்தில் நின்றால், குற்றம் கிளிப்பில் இல்லை. இடம், சூடு, மெமரி ஆகியவற்றில் ஒன்று. லேயர்களைக் குறையுங்கள்: முடிந்த பகுதியை எக்ஸ்போர்ட் செய்து, அதையே ஒற்றைக் கிளிப்பாக உள்ளே கொண்டுவந்து, மேற்கொண்டு எழுத்து, இசை சேருங்கள்.

எடிட்டிங் மட்டுமல்ல, கேமரா திறந்தாலே போன் அணைகிறது, அல்லது போனின் முதுகோ திரையோ லேசாகத் தூக்கி நிற்கிறது என்றால் பேட்டரி பழுதாகியோ உப்பியோ இருக்கலாம். சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள். அன்றே சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.

## அறிகுறி: டிராஃப்டைத் திறந்தால் கிளிப்புகளைக் காணோம்

ப்ராஜெக்டில் வீடியோ இல்லை, "அந்த வீடியோ இந்த இடத்தில் இருக்கிறது" என்ற குறிப்புதான் இருக்கிறது. அசலை கேலரியில் அழித்தாலோ நகர்த்தினாலோ குறிப்பு அறுந்துவிடும். கூகுள் போட்டோஸில் இடத்தைக் காலி செய்யும் பட்டனைத் தட்டியிருந்தால் அசல் போனில் இருக்காது, கூகுளின் இணையச் சேமிப்பில் மட்டும் இருக்கும். மறுபடி போனில் தரவிறக்குங்கள். அழித்திருந்தால் குப்பைத்தொட்டியைப் பாருங்கள். ஐபோனில் சுமார் 30 நாள் இருக்கும். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆனவை 60 நாள், ஆகாதவை 30 நாள். வீடியோ தளத்தில் ஏறும் வரை அசலைத் தொடாமல் இருப்பதே பாதுகாப்பு.

## அறிகுறி: பாட்டு ஊமையாகிறது, அல்லது வீடியோவே தடைபடுகிறது

பிசினஸ் கணக்கா என்று பாருங்கள். இன்ஸ்டாகிராமில் பிசினஸ் கணக்குகளுக்குப் பிரபலமான பாடல்களின் பட்டியல் முழுமையாகக் கிடைக்காது. யூடியூப் ஷார்ட்ஸ் 2024 அக்டோபர் 15 முதல் 3 நிமிடம் வரை போகலாம். ஆனால் ஒரு நிமிடத்தைத் தாண்டிய ஷார்ட்ஸில் கன்டென்ட் ஐ.டி (பதிப்புரிமை உள்ள பாட்டையும் காட்சியையும் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூப்பின் அமைப்பு) வழியாக உரிமைக் கோரல் வந்தால் அது தடைபடும். பாட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஏமாற்றும் தந்திரங்களை நம்பாதீர்கள். யூடியூப் ஆடியோ லைப்ரரி, மெட்டா சவுண்ட் கலெக்‌ஷன் இரண்டிலும் இலவச இசை இருக்கிறது. இசை இல்லாமல் எக்ஸ்போர்ட் செய்து, தளத்தின் உள்ளேயே பாட்டைச் சேர்ப்பது இன்னொரு நேர்வழி.

## அறிகுறி: எல்லாம் சரி, ஆனால் முதல் நொடிகளிலேயே நகர்ந்துவிடுகிறார்கள்

தளத்தின் புள்ளிவிவரப் பக்கத்தில், பார்வையாளர் எதுவரை பார்க்கிறார்கள் என்று காட்டும் வரைபடத்தைத் திறந்து, கோடு எங்கே விழுகிறது என்று பாருங்கள்.

தொடக்கத்திலேயே செங்குத்தாக விழுந்தால்: முதல் ஃபிரேமை நிறுத்திப் பாருங்கள். லோகோ, வணக்கம், கருப்புத் திரை, கேமராவை ஆன் செய்துவிட்டு ஒருவர் பின்னால் நகரும் அசைவு, இவற்றில் எது இருந்தாலும் வெட்டுங்கள். வீடியோவிலேயே மிகச் சிறந்த காட்சி எதுவோ அதன் ஒரு நொடியை முன்னால் கொண்டுவாருங்கள். ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். என்ன விஷயம் என்று எழுத்திலோ காட்சியிலோ தெரிய வேண்டும்.

நடுவில் சரிந்தால்: அந்த இடத்தில் ஒரே ஷாட் நீண்டு நிற்கிறதா, சொன்னதையே திரும்பச் சொல்லியிருக்கிறீர்களா பாருங்கள். பேச்சில் மூச்சு இழுக்கும் இடைவெளிகளை வெட்டி, அந்த வெட்டுகள் குதிக்காமல் இருக்க ஒரு வாக்கியம் விட்டு ஒரு வாக்கியத்துக்குச் சற்றே பெரிதாக்குங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு டிரான்சிஷன் வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். சுழலும் டிரான்சிஷன்கள் கண்ணை இழுப்பதில்லை, களைக்க வைக்கின்றன.

வெட்டிப் பார்த்தும் தேறவில்லையென்றால் காட்சியே போதவில்லை. மறுபடி எடுப்பதுதான் வழி, இருப்பதிலேயே செலவு மிக்கதும் அதுதான். காசு வாங்கிச் செய்யும் வேலையில் இந்தக் கட்டம் வந்தால், வாடிக்கையாளரிடம் உடனே சொல்லிவிடுங்கள்.

## அறிகுறி: அசல் கிளிப் திறக்கவே மாட்டேன் என்கிறது

பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது போன் அணைந்திருந்தால், கோப்பின் அளவு நூற்றுக்கணக்கில் எம்.பி. காட்டும், ஆனால் எந்த ஆப்பிலும் ஓடாது. எம்.பி.4 கோப்பின் பொருளடக்கம் பதிவு முடியும்போதுதான் எழுதப்படும்; அது எழுதப்படவே இல்லை. படமும் ஒலியும் உள்ளே இருக்க வாய்ப்பு உண்டு.

பெயரை மாற்றுவது, கன்வர்ட்டர் ஆப்களில் போடுவது இவற்றால் தீராது. கோப்பைக் கம்ப்யூட்டருக்கு நகல் எடுத்துவிட்டு, அந்த நகலில் மட்டும் எந்த முயற்சியும் செய்யுங்கள். கோப்பு மெமரி கார்டில் இருந்து, கார்டே பிழை காட்டுகிறது என்றால் ஃபார்மட் செய்யச் சொல்லும் செய்திக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். கார்டைக் கழற்றி வையுங்கள்; அதில் புதிதாக எதையும் எழுத விடாதீர்கள். திருமணம், மேடை நிகழ்ச்சி போல மறுபடி எடுக்க முடியாத காட்சி என்றால் டேட்டா ரிக்கவரி செய்பவரிடம் கொடுங்கள். போகும்போது, அதே போனில், அதே ரெசல்யூஷன், அதே ஃபிரேம் ரேட்டில் எடுத்த, நன்றாக ஓடும் ஒரு சிறு கிளிப்பையும் கொண்டு போங்கள். உடைந்த கோப்பின் பொருளடக்கத்தை மீண்டும் கட்டுவதற்கு அவர்கள் மாதிரியாக வைத்துக்கொள்வது அதைத்தான்.